வெள்ளகெவிப் பாதையும் ஸ்டென்ட் வைத்த இதயமும்

கேள்வி: நான் கொடைக்கானலில் வசிக்கும் பள்ளி ஆசிரியை, வயது 53. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பத்து மாதங்களுக்கு முன் ஓர் இரவு மேல்வயிற்றிலும் முதுகிலும் ஏதோ அடைப்பதுபோல் இருந்தது. வாயுத்தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். விடிந்தபின் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று சொல்லி ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தின் இயங்குதிறன் 50 சதவீதம் என்கிறது எக்கோ அறிக்கை. பள்ளிக்குத் திரும்பிவிட்டேன், ஆனால் கடைத்தெருவைத் தாண்டி நடப்பதில்லை. இரவில் நாடியைப் பிடித்துப் பார்த்தபடியே படுத்திருக்கிறேன். என் அப்பா பெரியகுளத்துக்காரர். மலையடிவாரத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்தின் வழியாகப் பொதிகுதிரைகளோடு மலைக்கு ஏறி இறங்கி எங்களை வளர்த்தவர். பத்து வயதில் அவரோடு ஒருமுறை அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். இங்கே மேலே இருக்கும் வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு அதே பாதையில் தனியாக ஒருமுறை இறங்கிவிட்டால் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்று தோன்றுகிறது. ஒரு காலை இழந்த அருணிமா சின்ஹா எவரெஸ்ட்டில் ஏறினார் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நான் இதற்குப் பயப்படலாமா? சென்னையில் இருக்கும் என் மகள், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறாள். நான் போகலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

போகலாம் என்பதே என் விடை. ஆனால் அதற்கு முன் நான்கைந்து மாத ஆயத்தம் வேண்டும்; தனியாகப் போவதற்கு என் ஒப்புதல் இல்லை; இறுதி அனுமதியையும் உங்களைப் பரிசோதித்துவரும் இதய மருத்துவரே தர வேண்டுமேயன்றி, கடிதத்தை மட்டும் படித்த இயன்முறை மருத்துவனாகிய நான் தர முடியாது. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிட்டதால், மீதியைச் சற்று நிதானமாகப் பேசலாம்.

கடிதத்தைப் படித்தபோது வெள்ளகெவியைவிட ஓமத்தண்ணீரில்தான் என் கவனம் நின்றது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். பெண்களுக்கு அது மூச்சிரைப்பாகவோ, குமட்டலாகவோ, தாடையிலும் முதுகிலும் பரவும் ஒருவகை இறுக்கமாகவோ, காரணமில்லாத அசதியாகவோ மட்டும் வந்து போவது ஆண்களைவிட அதிகம். பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகளின் உணர்திறன் குறைந்துவிடுவதால் வலி மேலும் மங்கிப்போகும். இந்த இரண்டும் உங்களிடம் சேர்ந்திருந்தன. எனவே அந்த இரவில் நீங்கள் அலட்சியமாக இருந்தீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடல் சொன்னது மிகத் தாழ்ந்த குரலில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் பின்விளைவு இப்போது தலைகீழாக வந்து நிற்கிறது. அன்று பெரிய செய்தியைச் சிறிதென்று எடுத்துக்கொண்ட நீங்கள், இன்று ஒவ்வொரு துடிப்பையும் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்கிறீர்கள். இரவில் நாடி பிடித்துப் பார்ப்பது அதன் அடையாளம். பார்க்கும்போது பதற்றம் கூடும், பதற்றத்தில் துடிப்பு கூடும், கூடிய துடிப்பைப் பார்த்து மறுபடியும் பதற்றம். இந்தச் சுற்றுக்கு ஸ்டென்ட் மருந்தாகாது.

பகலிலும் இதே சுற்று வேறொரு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கடைத்தெருவைத் தாண்டுவதில்லை; அதனால் தொடைத் தசைகளும் நுரையீரலும் பயிற்சி இழந்துவிட்டன. கொடைக்கானலிலோ எங்கு திரும்பினாலும் மேடும் பள்ளமும்தான். மூஞ்சிக்கல் பக்கத்து ஏற்றத்தில் நான்கடி வைத்ததும் மூச்சு வாங்குகிறது; அது இதயத்தின் குறை என்று தோன்றுகிறது; அடுத்த நாள் அந்த நான்கடியும் இல்லாமல் போகிறது. என்னிடம் வத்தலக்குண்டுக்கு இறங்கி வரும் மலைக்காரர்களில் பலர், இதயம் ஓரளவு நன்றாகத் தேறிய பின்னும், இந்தத் தசைச் சோர்வை இதயச் சோர்வென்று எண்ணிக்கொண்டு வீட்டோடு முடங்கியவர்களாகவே இருக்கிறார்கள். மாரடைப்புக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருவதுண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தூக்கமின்மையும் ஆர்வமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரை நேரில் பார்ப்பது அதனினும் நல்லது. மாத்திரையைப் பற்றிக் கேட்பதுபோலவே இதையும் கூச்சமின்றிக் கேளுங்கள்.

இனி, ‘பழைய ஆள்’ என்ற உங்கள் எதிர்பார்ப்புக்கு வருகிறேன். இதயத் தசையில் செத்துப்போன பகுதி தழும்பாகிவிடும். அது மீண்டும் தசையாக வளர்வதில்லை. உங்கள் அறிக்கையில் உள்ள 50 சதவீதம் என்பது, நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் என்று ஆசிரியைக் கண்ணுக்குத் தோன்றும் எண் அல்ல. நல்ல இதயமும் தன்னிடம் நிரம்பிய இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியே தள்ளிவிடுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். ஆகவே உங்களுடையது இயல்புக்கு மிக அருகில் உள்ள இதயம். தழும்பைச் சுற்றியுள்ள தசையும், கால் தசைகளும், இரத்தக் குழாய்களின் விரிந்து சுருங்கும் திறனும் பயிற்சியால் மேம்படும். ஆனால் ஒரே ஒரு நாள் நடையை வைத்து, அதில் தேறினால் பழைய ஆள், தேறாவிட்டால் நோயாளி என்று தீர்ப்பெழுதிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி எண்ணிப் புறப்படுகிறவர்கள்தாம் பாதி வழியில் நெஞ்சு இறுகினாலும் நிற்க மனமின்றித் தொடர்ந்து நடக்கிறார்கள். திரும்பிவிடத் தயங்குகிற மனநிலையோடு மலைப்பாதையில் இறங்குவதுதான், உங்கள் இதயத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது.

அருணிமா சின்ஹாவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவருடைய வரலாற்றை முழுவதுமாக எடுத்துக்கொள்வோம். 2011 ஏப்ரலில் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு இடது காலை இழந்தார். 2013 மே 21 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். மேடைகளில் இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. இடையே இருந்த இரண்டு ஆண்டுகள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. விபத்துக்கு முன்பே அவர் தேசிய அளவில் ஆடிய கைப்பந்து வீராங்கனை. உடற்பயிற்சி அவருக்குப் புதிதன்று. செயற்கைக் காலில் நிற்கப் பழகிய பின், எவரெஸ்ட்டில் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலிடம் போய்ச் சேர்ந்து, உத்தரகாசியில் பயிற்சி பெற்றார். எவரெஸ்ட்டுக்கு முந்திய ஆண்டில், 6,000 மீட்டரைத் தாண்டிய ஐலண்ட் பீக்கில் முயன்று பார்த்தார். அதாவது தேர்ந்த பயிற்றுநர், படிப்படியான உயரங்கள், உடன்வரும் ஷெர்பா ஆகியவையெல்லாம் இருந்தன. ‘பயப்படலாமா’ என்ற கேள்வியே அங்கு எழவில்லை. எவ்வளவு பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். மாணவர்களுக்கு அடுத்தமுறை சொல்லும்போது இந்த நடுப்பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கும் இப்போது தேவைப்படுவது அந்த நடுப்பகுதிதான்.

அதன் முதல் படி, நகரும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைக் கவனிக்கும் டிரெட்மில் சோதனை. பத்து மாதங்களாகியும் அதைச் செய்யவில்லையென்றால், அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போவார்கள். வழக்கமான முறையில் இரண்டு கட்டங்களை, அதாவது 6 நிமிடங்களை, இ.சி.ஜி. மாற்றமோ நெஞ்சு இறுக்கமோ இல்லாமல் முடித்தால், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு உழைப்பை உங்கள் உடல் தாங்குகிறது என்று பொருள். மூன்றாவது கட்டத்தையும் முடித்தால் ஏறத்தாழ 10 மடங்கு. ஆனால் இது உச்ச அளவு. சில நிமிடங்களுக்கு மட்டுமே நிற்கும். மணிக்கணக்காக நடக்க வேண்டுமானால் உச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மலையேற்றம் 6, 7 மடங்கு உழைப்பைக் கேட்கக்கூடியது என்பதால், மூன்றாவது கட்டம் வரை போக முடிகிறவர்களே ஏற்றமுள்ள பாதையில் ஓரளவு நிம்மதியாக நடக்கலாம். மதுரைச் சமவெளியில் கிடைத்த எண்ணைக் கொடைக்கானலுக்கு அப்படியே தூக்கி வரவும் முடியாது. உங்கள் ஊரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம்தான். அங்கேயே வாழ்ந்து பழகியவர் என்பதால் உங்களுக்கு மூச்சுத் திணறாது. இருந்தாலும் உச்சத் திறன் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நீங்கள் தேர்ந்த பாதை விசித்திரமானது. வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை வரை பெரும்பாலும் இறக்கம். 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம். இறங்கும்போது இதயத்தின் வேலை ஏறுவதைவிட வெகுவாகக் குறைவு. சுற்றுலாப் பயணிகள் செருப்போடு போய்வரும் டால்பின் நோஸ் பாறைமுனைகூட, திரும்பும் ஏற்றத்தில் உங்கள் இதயத்திற்கு அதிகச் சோதனை வைக்கும். ஆகவே இதயத்தை மட்டும் பார்த்தால் உங்கள் ஆசை அவ்வளவு பெரியதல்ல. இறக்கத்தில் அடி வாங்குவது முன்தொடைத் தசைதான். உடல் எடை முழுவதையும் நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகி, வலி உடனே தெரியாமல், மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும். பாதையின் கடைசிப் பகுதியில் முழங்கால் நடுங்கி வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் விழுகிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பாதையில் பாதியில் விலகிக்கொள்ள வழியில்லாமை. ஏறுகிறவர் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இறங்குகிறவர் களைத்தால் திரும்புவதற்கு ஏற வேண்டும். வெள்ளகெவி, வண்டிச் சாலை இல்லாமலே நெடுங்காலம் வாழ்ந்த ஊர். நோயாளிகளையும் பிரசவ வலியில் இருப்பவர்களையும் டோலி கட்டித் தூக்கிவந்த கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பெரியகுளத்துப் பக்கமிருந்து மலையேறிய இந்தப் பழைய வழிகளில்தான், மோட்டார் சாலை வருவதற்கு முன், 1845இல் கொடைக்கானலில் குடியேறத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளும் குதிரையிலும் டோலியிலுமாக ஏறினார்கள். நான் சொல்ல வருவது, 108 ஆம்புலன்ஸ் உங்களிடம் வருவதற்குப் பல மணி நேரம் ஆகக்கூடிய இடம் இது. தனியாகப் போகக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

தேவையில்லை என்றாலும் இன்னொன்றும் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. வனப்பகுதிப் பாதைகளில் அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான் போக வேண்டும். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பாதை திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கித் தேனி மாவட்டத்தில் முடிவதால், வெள்ளகெவிக்குக் கீழே உள்ள பகுதிக்கும் அனுமதி உண்டா என்பதை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோடையில் தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கும்பக்கரையில் வெள்ளம் வந்து அருவிப் பக்கமே விடமாட்டார்கள். ஆகவே தை மாதம்தான் உங்களுக்கு வாய்ப்பு. இது ஆவணி, ஆயத்தத்துக்கு வேண்டிய ஐந்து மாதங்கள் சரியாகக் கையில் இருக்கின்றன.

டிரெட்மில் சோதனையில் தேறியதும் ஏரிச்சாலையில் தொடங்குங்கள். 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் அணை கட்டி உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றிவரும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்ச் சாலை, மேடுபள்ளம் மிகுந்த ஊரில் கிட்டத்தட்டச் சமதளமாக அமைந்த ஒரே நீண்ட நடைவழி. இதய நோயாளிகளுக்காகவே போட்டதுபோல் இருக்கும். முதல் வாரம் பத்து நிமிடம் போய்த் திரும்பினால் போதும். காலை ஆறு மணிக்கு நடப்பது நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குளிர்ந்த காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும், இதயத்தின் சுமையைக் கூட்டும். வெயில் ஏறிய பிறகு, காதையும் வாயையும் மூடும்படி மஃப்ளர் சுற்றிக்கொண்டு கிளம்புங்கள். சாப்பிட்டவுடன் நடக்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக இருக்கட்டும். சட்டென்று நின்றுவிடுவதும் நல்லதல்ல.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பெண்ணை நம்ப வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களில் பலருக்கும் தரப்படும் மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் கட்டிவைத்திருக்கும். உடல் திணறிக்கொண்டிருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். தமிழ் படித்த உங்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. நடந்துகொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டடியும் தடையின்றி வந்தால் வேகம் சரி. இரண்டாவது அடிக்குமுன் மூச்சு வாங்கினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள், சற்றுத் தளர்த்துங்கள். முதலடியிலேயே நான்காவது சீர் வெளிவரவில்லையென்றால் நின்றுவிட வேண்டும். பாட்டே பாட முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம். மருத்துவமனைகளில் இதைப் பேச்சுச் சோதனை என்ற பெயரில் செய்கிறோம்; குறளில் செய்தால் அளவு மாறாமல் இருக்கிறது.

வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எங்கே மூச்சு வாங்கியது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது, அப்போது மனத்தில் என்ன ஓடியது. நான் உங்களுக்குச் சொல்லும் எல்லாவற்றிலும் இதுவே முக்கியமானது. ஏற்றத்தினால் வரும் மூச்சிரைப்பு நின்றதும் ஓரிரு நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் குறைவாக இருக்கும். அச்சத்தினால் வரும் படபடப்புக்கு ஏற்றம் இறக்கம் என்ற பேதமில்லை. உட்கார்ந்திருக்கும்போதும், படுத்திருக்கும்போதும் வரும், விரல் நுனிகள் மரத்ததுபோல் இருக்கும், கவனம் வேறு பக்கம் போனால் கலையும். இதயத்தினால் வருவது உழைப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரே அளவு ஏற்றத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்கும். நெஞ்சிலோ, தாடையிலோ, அன்றைக்கு வந்ததுபோல் மேல்வயிற்றிலும் முதுகிலுமோ ஓர் இறுக்கமாக இருக்கும். இந்தப் பாகுபாடு ஒரு வழிகாட்டிதானே தவிர, நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதற்கானதல்ல. ஐயம் வந்தால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடனே உட்காருங்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், நெஞ்சு இறுக்கத்தைத் தணிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி விழ நேரலாம். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. ஓமத்தண்ணீர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று மாத நோட்டுக் குறிப்புகள் சேர்ந்த பிறகு, இரவில் நாடி பிடிக்கும் பழக்கம் தானாகவே குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பகலில் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிவிட்டபடியால் இரவில் கேட்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. நீங்கள் வெள்ளகெவியில் தேடப் போவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஏரிச்சாலையிலேயே கிடைத்துவிட்டால் ஏமாற்றம் அடையாதீர்கள்.

ஏரியை ஒரு சுற்று முழுவதுமாக வசதியாகச் சுற்ற முடிந்தபின், கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் ஏற்ற இறக்கம் பழகலாம். தளம் போட்டது, உட்கார இடமுண்டு, ஆட்கள் நடமாட்டமும் உண்டு. கார்த்திகை கழிந்து மழை விட்டதும், பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு நீண்ட இறக்கம் நடந்து, திரும்ப ஜீப்பில் வாருங்கள். செண்பகனூர்ப் பக்கம் சாலையோரமாக இறங்கினாலும் போதும். முதல் தடவை தொடை பிடித்துக்கொள்ளும்; இரண்டாவது தடவை பாதிகூட இருக்காது. ஒருமுறை இறக்கத்தில் உழைத்த தசை, சில வாரங்களுக்கு அந்தச் சிதைவை எதிர்க்கும் திறன் பெற்றுவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை: கொலஸ்டிராலுக்காக நீங்கள் அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற மாத்திரை எடுப்பவராகத்தான் இருப்பீர்கள். பழக்கமில்லாத கடும் இறக்கத்தோடு அது சேரும்போது சிலருக்குத் தசைச் சிதைவு மிகுதியாகலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆனால் கால் வலிக்கிறது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், நீண்ட நடையன்று அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்சர்க்கரையின் எச்சரிக்கைகளான படபடப்பையும் கை நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் மிஞ்சும். குளிரில் காரணமின்றி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ உடனே வாயில் போடுங்கள். கடலை மிட்டாய் அந்த நேரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரினும் அதோடு தரப்படும் இரத்தம் உறையாமல் காக்கும் மற்ற மாத்திரையும் இருக்கும்வரை, சோலைப் பகுதியில் அட்டை கடித்தால் இரத்தம் நெடுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, துணியை மடித்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

வெள்ளகெவியில் ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை. கோவில்கள் நிறைந்த ஊர் என்பதால் வருகிறவர்களும் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அப்பாவோடு போனபோது நீங்களும் அப்படித்தான் நடந்திருப்பீர்கள். ஒன்பது ஆண்டுச் சர்க்கரைக்குப் பிறகு அதே பாதங்களுக்கு அதே உணர்ச்சி இருக்குமென்று சொல்ல முடியாது. இப்போதே பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால், தடித்த காலுறையோடு நடக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள்தாம். ஊரைக் கடந்ததும் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காலணியை மாட்ட வேண்டும்.

உங்கள் மகளைப் பற்றி இரண்டு சொல். சென்னையில் இருந்துகொண்டு, ஒரு தொலைபேசி அழைப்பில் அம்மாவின் மாரடைப்பைக் கேட்டறிந்த பெண் அவர். அவருக்கு அந்த நாள் இன்னும் முடியவில்லை. வாதம் செய்து அவரைச் சம்மதிக்க வைக்க முயலாதீர்கள்; டிரெட்மில் சோதனையன்று விடுப்பெடுத்து மதுரைக்கு வரச் சொல்லுங்கள். அம்மா அந்த இயந்திரத்தில் மூன்றாவது கட்டத்தில் நடந்துகொண்டிருப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது, நான் எழுதும் இந்தப் பதிலைவிட அவருக்கு அதிகம் உதவும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் ஏரியை ஒரு சுற்று அவரோடு நடங்கள். அவருக்கு மூச்சு வாங்கக்கூடும், அதைக் கண்டுகொள்ளாதது போல் இருந்துவிடுங்கள். மாறாக, சோதனை முடிவு சரியில்லையென்றால், அவர் சொல்வதே சரி என்பதை நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது கும்பக்கரைக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம், அதிலும் குறைவில்லை.

தனிமை வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை நான் கேலி செய்யவில்லை. அப்பாவின் பாதையில் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே வருவது தொல்லைதான். வழிகாட்டியாக வருபவரிடம், ஐம்பதடி முன்னால் போய்க்கொண்டிருங்கள், வளைவுகளில் மட்டும் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் மறுக்க மாட்டார். மலைக்காரர்களுக்குப் பேசாமல் நடக்கத் தெரியும். சார்பிட்ரேட்டும் சர்க்கரையும் எந்தப் பையில் இருக்கின்றன என்பதை மட்டும் புறப்படும்போதே அவருக்குக் காட்டிவிடுங்கள்.

வெள்ளகெவியை அடைந்ததும் அரை மணி நேரமாவது உட்காருங்கள். தொடர்வதா, அங்கேயே நிறுத்துவதா என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கான அளவையும் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள், ஏனென்றால் பாதி வழி வந்தவரின் மனம் தனக்குச் சாதகமாகவே கணக்குப் போடும். அதுவரை ஒருமுறைகூட இறுக்கம் வரவில்லை, ஒற்றைக் காலில் பத்து விநாடி நடுக்கமின்றி நிற்க முடிகிறது, சர்க்கரை அளவு மருத்துவர் சொன்ன எல்லைக்குள் இருக்கிறது, மதியம் ஒரு மணிக்கு முன்பே வந்துவிட்டோம் என்ற நான்கும் சரியாக இருந்தால் கீழே இறங்குங்கள். ஒன்று தவறினாலும் இரவு அந்த ஊரிலேயே தங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை வழிகாட்டி மூலம் முன்பே செய்துவைத்திருக்க வேண்டும். மறுநாள் கால் தெளிந்தபின் பொறுமையாக இறங்கலாம். கும்பக்கரையில் உங்கள் மகள் வண்டியோடு காத்திருக்கட்டும். அங்கே கைபேசி எடுக்காமல் போகலாம் என்பதால், நீங்கள் மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டிரெட்மில் அறிக்கை வந்ததும் அதன் நகலையும், இப்போது எடுத்துவரும் மாத்திரைகளின் பெயர், அளவு அடங்கிய பட்டியலையும் அனுப்பிவையுங்கள். கார்த்திகை வரைக்குமான நடைத் திட்டத்தை வாரவாரியாக எழுதித் தருகிறேன்.